முகாமின் துயரைக் கேட்பவர் யார்? அகதிகளின் மனநலமும் குழுக்களின் இடமும்

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் தமிழ்நாடு அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 'இலங்கை அகதிகள் முகாம்' என்ற பெயர் இனி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று வழங்கப்படும் என்றது. அதோடு 317 கோடி ரூபாய் அளவிலான திட்டங்கள், 7,469 புதிய வீடுகள், உயர்த்தப்பட்ட மாதப் பணக்கொடை ஆகியனவும் அறிவிக்கப்பட்டன. பத்தடிக்குப் பத்தடி அறையில் மூன்று தலைமுறையாகப் படுத்துறங்கிய குடும்பங்களுக்கு வீடு என்பது சிறிய செய்தியன்று. அதை நாம் வரவேற்றோம். ஆயினும் அந்த அறைகளில் நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்து வந்த மனச்சுமை, புதிய சுவர்களுக்குள்ளும் குடும்பத்தோடு சேர்ந்தே குடிபெயர்கிறது. அதைப் பற்றிய பேச்சு அரசிடமும் குறைவு, இயக்கங்களிடமும் குறைவு.

1983 ஜூலைக்குப் பின் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர். பலர் திரும்பிச் சென்றனர். வசதியும் உறவும் உடையோர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். 2021இல் அரசு அளித்த கணக்கின்படி முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேரும், காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வெளியில் வசிப்போர் ஏறத்தாழ 34 ஆயிரம் பேரும் எஞ்சியிருந்தனர். இவர்களில் ஒரு பெரும் பகுதியினர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். குண்டுவீச்சைக் கண்ணால் காணாதவர்கள். எனவே முகாமின் மனத்துயரைப் 'போரின் வடு' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட இயலாது. தாய்க்குக் கடல் கடந்த இரவின் நினைவு இருக்கிறது. மகனுக்கோ பொறியியல் பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போகும் காலைப்பொழுது இருக்கிறது. முன்னது முடிந்துபோன ஒன்றின் துயர், பின்னது முடியாமல் நீளும் ஒன்றின் துயர். மருத்துவ நூல்கள் முன்னதற்குப் பெயர் சூட்டிய அளவுக்குப் பின்னதற்குச் சூட்டவில்லை.

2016 மார்ச்சில் மதுரை மாவட்டம் உச்சப்பட்டி முகாமில், வருகைப் பதிவின்போது வருவாய்த் துறை அலுவலர் ஒருவருடன் எழுந்த வாக்குவாதத்தைத் தொடர்ந்து ஒரு தந்தை தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த நேரத்தில் முகாமில் இல்லாத மகனின் பெயரைப் பதிவேட்டில் சேர்ப்பது பற்றிய வாக்குவாதம் அது. மனநலம் குறித்த உரையாடலை இந்நிகழ்விலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று கருதுகிறோம். ஒரு மனிதரின் இருப்பு ஒரு கையெழுத்தைச் சார்ந்து நிற்கும் இடத்தில், மனச்சோர்வை மூளையின் வேதியியலாக மட்டும் விளக்குவது உண்மையின் பாதியை மறைப்பதாகும்.

போரும் இடப்பெயர்வும் மனத்தை என்ன செய்கின்றன என்பதற்கு உலக அளவிலான மதிப்பீடு இருக்கிறது. மோதலால் பாதிக்கப்பட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் தெரிவித்தது. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைவிட ஆழமான ஒன்றைக் கூறினார். வடக்கில் காயமுற்றது தனிமனிதர் மட்டுமல்லர், சமூகமே என்றார். அதைக் கூட்டு மனவடு என்ற கருத்தாக வளர்த்தெடுத்தார். நம்பிக்கை, அயலவரோடு பேசும் பழக்கம், இறந்தோருக்காகக் கூடி அழும் சடங்கு ஆகிய யாவும் சிதைந்த நிலை அது. சமூகம் என்ற உறவுவலை கிழிந்தபின் ஒவ்வொரு நூலாக மருத்துவமனைக்கு அனுப்பிப் பயனில்லை என்பதே அவர் வாதத்தின் சாரம் என நாம் புரிந்துகொள்கிறோம்.

முகாம்களில் துயரம் தன்னை 'மனச்சோர்வு' என்று அறிமுகம் செய்துகொள்வதில்லை. 'ஒரே யோசினை' என்பார்கள். 'நெஞ்சு அடைக்குது', 'உடம்பு பாரமாயிருக்கு' என்பார்கள். பெருமூச்சு விடுவார்கள். ஆண்களிடம் அது மதுவாக வெளிப்படுகிறது. அந்த மதுவின் விளைவு வீட்டுப் பெண்களின் உடம்பில் காயமாக வெளிப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றால் நெஞ்சு வலிக்கு மாத்திரை கிடைக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தலைமை மருத்துவமனையில் இருப்பார். அங்கே போக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். பேருந்துக் கட்டணம் வேண்டும். முகாம் தணிக்கை நாளாக இருந்தால் போகவே முடியாது. போய்வந்த பின் 'பைத்தியத்துக்கு மருந்து சாப்பிடுகிறவள்' என்ற பெயர் வரிசை வீடுகளில் மாலைக்குள் பரவிவிடும்.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' தொலைபேசி உதவி எண் 14416 உள்ளது. இரவு பகலாக இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். நெருக்கடியில் இருப்போர் தயங்காமல் அதைப் பயன்படுத்த வேண்டும். ஆனால் கணவரும் மாமியாரும் மூன்று பிள்ளைகளும் உள்ள ஒற்றை அறையில், ஒரு பெண் தன் துயரை எந்த மூலையில் நின்று தொலைபேசியில் சொல்வாள்? தனிமை என்பதே ஒரு வசதி. அது முகாமில் கிடைப்பதில்லை.

இங்குதான் குழு என்ற வடிவம் பொருள் பெறுகிறது. உகாண்டாவின் ரைனோ முகாமில் தென் சூடானிலிருந்து வந்த அகதிப் பெண்களிடையே உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஒரு முறை சோதிக்கப்பட்டது. இருபது முப்பது பெண்கள் வாரம் ஒருமுறை கூடுவர். ஏறத்தாழ இரண்டு மணி நேரம், மொத்தம் ஐந்து அமர்வுகள். பதிவுசெய்யப்பட்ட குரல் வழிகாட்டும். சுருக்கமான பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்கள் கூட்டத்தை நடத்துவர். 694 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவுகள் 2020இல் வெளிவந்தன. பயிற்சி பெற்றோரிடம் மூன்று மாதங்களுக்குப் பின் மனத்துயர் குறைந்திருந்தது. மனநல மருத்துவர் எவரும் அக்கூட்டங்களில் அமரவில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

ஜிம்பாப்வேயின் நிகழ்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. தலைநகர் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் சுகாதார நிலையங்களின் வெளியே மர பெஞ்சுகளைப் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமாரை அமர்த்தினார். நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்த காலம் அது. பாட்டிகள் 'மனச்சோர்வு' என்று பேசவில்லை. 'குஃபுங்கிசிசா' என்ற தம் மொழிச் சொல்லையே பயன்படுத்தினர். அளவுக்கு மிஞ்சி யோசித்தல் என்பது அதன் பொருள். நம் முகாமின் 'யோசினை' அங்கும் அதே பெயரோடு இருக்கிறது. பெஞ்சில் தனியாகப் பேசி முடித்தவர்கள் பின்னர் பெண்கள் குழுவாகக் கூடினர், பழைய நெகிழிப் பொருள்களிலிருந்து பைகள் பின்னினர், பின்னிக்கொண்டே பேசினர். கை வேலையில் இருக்கும்போது வாய் திறப்பது எளிது என்பதைப் பீடி சுற்றுவோர் திண்ணையையும் நெல் தூற்றுவோர் களத்தையும் அறிந்த எவரும் ஒப்புவர்.

குழுவில் என்ன நடக்கிறது? மந்திரம் ஏதும் இல்லை. முதலில் மூச்சைச் சீராக்கும் பயிற்சி. பின் தம் தொல்லைகளில் தாமே தீர்க்கக்கூடியது எது, தம் கையில் இல்லாதது எது என்று பிரித்துப் பார்த்தல். முடங்கிக் கிடந்தவர் ஒரு சிறு வேலையை மீண்டும் தொடங்குதல். யாரிடம் உதவி கேட்கலாம் என்று எண்ணிப் பார்த்தல். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று நிகழ்கிறது. 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்ற எண்ணம் உடைகிறது. தன் மகன் குடிப்பதைத் தன் வளர்ப்பின் குற்றமாக நினைத்த தாய், வரிசையிலுள்ள எட்டு வீடுகளிலும் அதே நிலை இருப்பதைக் கேட்கும்போது, காரணத்தைத் தன் வயிற்றுக்கு வெளியே தேடத் தொடங்குகிறாள். இதை நாம் மருத்துவத்தின் எல்லையில் நிகழும் அரசியல் கல்வியாகவும் காண்கிறோம்.

இம்முறைக்கு நம் நாட்டிலேயே முன்னோடி உண்டு. எஸ்.சி. சந்திரகாசன் தலைமையில் 1984இல் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களிலிருந்தே இளைஞர்களையும் பெண்களையும் தேர்ந்து உளவளத் துணையாளர்களாகப் பயிற்றுவித்தது. அகதிக்கு அகதியே துணை என்ற கொள்கை அது. அதன் அருமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு தொண்டமைப்பின் நிதி இருக்கும் வரை நீடிக்கும் பணி, அரசின் கடமைக்கு மாற்றாகாது.

இனி நம் தளத்தின் வாசகர்கள் முதலில் எழுப்பக்கூடிய வினாவுக்கு வருவோம். 'சமூகக் குழு' என்று கூறும்போது, எந்தச் சமூகம்?

கடல் கடந்து மேலை நாடு செல்லப் பணம் வேண்டியிருந்தது. விற்க நிலம் வேண்டியிருந்தது. முன்னமே அங்கே குடியேறிய உறவு வேண்டியிருந்தது. இவை சாதியின் வழியே பகிரப்பட்டவை. முகாம்களில் தங்கிவிட்டோரில் கூலித் தொழிலாளர், மீனவர், மலையக வம்சாவளியினர் மிகுதி. மலையக மக்களின் கதையை மறந்தால் முகாமைப் புரிந்துகொள்ள முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் சேரிகளிலிருந்தும் வறண்ட ஊர்களிலிருந்தும் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டோரில் பறையர், பள்ளர், அருந்ததியர் பெரும் பங்கினர். 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எந்த ஊரில் வாழ விருப்பம் என்று அவர்களிடம் கேட்டு எழுதப்பட்ட கணக்கன்று அது. 1977 வன்முறைக்குப் பின் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு ஓடினர். அவர்களைக் குடியமர்த்திய காந்தியம் அமைப்பின் மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அந்த வன்னி மண்ணிலிருந்தும் விரட்டப்பட்டு, பாட்டன் புறப்பட்ட நாட்டுக்கே பேரன் அகதியாக வந்து சேர்ந்தான். யாழ்ப்பாணத்தில் அவனைத் 'தோட்டக்காட்டான்' என்றனர். இங்கே 'சிலோன்காரன்' என்கின்றனர்.

இத்தகைய ஒருவர் ஒரு குழுவின் வட்டத்தில் அமரும்போது வட்டம் தானாகச் சமமாகிவிடாது. இடப்பெயர்வு சாதியைக் கரைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு எதிரான சான்றுகள் யாழ்ப்பாணத்திலேயே உள்ளன. டியூடர் சில்வா, சிவப்பிரகாசம், தங்கேஸ் ஆகியோர் 2009இல் பதிப்பித்த ஆய்வு, மல்லாகம் பகுதி இடம்பெயர்ந்தோர் முகாம்களில் நெடுங்காலம் தேங்கிக் கிடந்தோர் பெரும்பாலும் பஞ்சமர் எனப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியினரே என்பதைப் பதிவுசெய்தது. சுற்றியிருந்த கிணறுகளில் அவர்கள் நீரள்ளுவதும்கூடப் பூசலாயிற்று. குண்டு எல்லோர் மீதும் விழுந்தது. திரும்பிச் செல்ல நிலம் இருந்தவர் திரும்பினர்; இல்லாதவர் முகாமிலேயே முதுமை எய்தினர்.

ஆகவே குழுவை நடத்துபவர் முகாமின் செல்வாக்குள்ள குடும்பத்தவராகவே இருந்தால், பேச வேண்டியவள் பேசமாட்டாள். வேறு சாதிப் பையனை விரும்பிய மகளுக்காக அடிபட்ட தாய், அடித்தவரின் தங்கை வழிநடத்தும் வட்டத்தில் எதைச் சொல்வாள்? நெஞ்சு வலிக்கிறது என்பாள். மீண்டும் மாத்திரைதான். சாதியைப் பற்றிப் பேசினால் ஒற்றுமை குலையும் என்று கூறும் தேசியவாதப் பழக்கம் ஈழ அரசியலில் வேரூன்றியது. அதே பழக்கம் மனநலக் குழுவுக்குள் 'இங்கே நாம் எல்லோரும் ஒன்றுதான்' என்ற இனிய சொல்லாக நுழைகிறது. அச்சொல் சிலரின் வாயை அடைக்கவே பயன்படுகிறது.

பண்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். அகதிகளின் மனநலப் பணியில் ஒப்பாரி, கூத்து, பறை ஆகியவற்றைக் குணமாக்கும் கலைகளாகப் பயன்படுத்தலாம் என்று அறிஞர்கள் எழுதுகின்றனர். கூடி அழுவது மனத்தை இலேசாக்கும் என்பதில் ஐயமில்லை. 2009க்குப் பின் இறந்தோரை வெளிப்படையாக நினைவுகூரவும் தடைகளைச் சந்தித்த மக்களுக்கு அந்த அழுகை உரிமையும் ஆகும். ஆனால் பிறர் வீட்டுச் சாவுக்குப் பறையடிக்கவும் மாரடித்து அழவும் கடமைப்படுத்தப்பட்டவர்கள் யார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். குழுவில் ஒப்பாரி எழட்டும். யாரைப் பாடச் சொல்கிறோம், யார் அமர்ந்து கேட்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்வோம்.

மற்றொரு தடை காவல்துறையின் நிழல். முகாம்கள் 'கியூ' பிரிவின் கண்காணிப்பில் இருப்பவை. வெளியார் வருகை, கூட்டம், போக்குவரத்து எல்லாம் கவனிக்கப்படும். அண்ணன் எந்த இயக்கத்தில் இருந்தான், தம்பி எப்படிப் படகில் வந்தான் என்பன ஒருவரின் கொடுங்கனவுகளின் உள்ளடக்கம். அவையே ஓர் உளவுக் குறிப்பின் உள்ளடக்கமாகவும் ஆகலாம். இந்நிலையில் இரகசியக் காப்பு என்பது பயிற்சிக் கையேட்டின் ஒரு வரியாக மட்டும் இருந்தால் போதாது. குழு கூடும் இடத்தில் காவலர் இருக்கலாகாது. பங்கேற்போரின் பெயர்ப்பட்டியல் முகாம் அலுவலகத்துக்குப் போகலாகாது. இவ்விரண்டும் எழுத்துமூல உறுதியாக மாவட்ட நிர்வாகத்திடமிருந்து பெறப்பட வேண்டும்.

குழு எதைச் செய்ய இயலாது என்பதையும் மறைக்காமல் பேசுவோம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. 1987 ஜூலை 1க்குப் பின் இங்கே பிறந்த குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைக்கப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லால் அக்கதவையும் இன்னும் இறுக்கியது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளி அகதிகளின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிவோடு பரிசீலிக்குமாறு கூறியது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று, இந்தியா உலகெங்குமிருந்து வரும் அகதிகளுக்கான சத்திரமன்று என்ற கருத்தைத் தெரிவித்தது. அதே மாதத்தில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து தாயகம் திரும்பிய முதியவர் ஒருவர் யாழ்ப்பாண விமான நிலையத்தில் கைதுசெய்யப்பட்டார். செப்டம்பரில், 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து ஒன்றிய அரசு விலக்கு அளித்தது. தண்டனை இல்லை, குடியுரிமையும் இல்லை. ஓராண்டுக்குள் இத்தனை முறை நம்பிக்கையும் அச்சமும் மாறிமாறித் தாக்கும் மனத்துக்கு மூச்சுப் பயிற்சி ஓரளவே உதவும்.

'தாங்கும் ஆற்றல்' என்ற சொல்லை நாம் ஐயத்தோடு அணுகுவதற்குக் காரணம் இதுவே. நிதி வழங்குவோருக்கு அது விருப்பமான சொல். மலிவானதும்கூட. நாற்பது ஆண்டுகள் தாங்கியவர்களுக்கு இன்னும் தாங்கக் கற்றுக்கொடுப்பது சேவையாகாது. ஆனால் இதைக் காரணம் காட்டி, 'குடியுரிமை கிடைத்தால் மனம் தானாகச் சரியாகும், அதுவரை குழுவெல்லாம் கண்துடைப்பு' என்று சொல்லும் தோழர்களோடும் நாம் உடன்படவில்லை. வழக்கின் தீர்ப்புக்கு முன்னே இரவு வருகிறது. அந்த இரவைக் கடக்க ஒருவருக்கு இன்னொருவர் வேண்டும். அன்றியும், தம் துயரைச் சேர்ந்து பெயரிட்டுப் பழகிய பெண்களே பிறப்புச் சான்றிதழ்களைத் தேடி எடுக்கவும், மனுவில் கையெழுத்திடவும், வழக்கறிஞர் முன் அஞ்சாமல் பேசவும் முன்வருவர். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவர் 2022இல் அதே மதுரைக் கிளைக்குச் சென்று, பிறப்பால் தாம் இந்தியரே என்று நிலைநாட்டிக் கடவுச்சீட்டு பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அவரைப் போலவே 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்து, அந்த உரிமை தமக்கு உண்டு என்பதை அறியாமலே நடுவயதை எட்டிவிட்டோர் முகாம்களில் இருக்கக்கூடும். ஆவணங்களைச் சரிபார்க்கும் ஓர் அமர்வு மனநலக் குழுவின் பாடத்திட்டத்தில் இடம்பெறுவதில் தவறொன்றுமில்லை.

அரசிடம் கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் மனநலச் சேவைகளைப் பெறும் உரிமை 'ஒவ்வொரு நபருக்கும்' உண்டு என்கிறது. 'ஒவ்வொரு குடிமகனுக்கும்' என்று அது கூறவில்லை. சாதியின் பெயரால் பாகுபாடு கூடாது என்பதையும் அப்பிரிவே குறிப்பிடுகிறது. அகதிக்கு நாட்டில் எளிதாகக் கிடைக்காத ஒரு சொல் இச்சட்டத்தில் கிடைத்திருக்கிறது. அதைப் பற்றிக்கொண்டு மனு எழுத வேண்டிய மாவட்டங்கள் முப்பதுக்கு அருகில் உள்ளன.

கேட்க வேண்டியதும் எட்டாத ஒன்றன்று. 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுயஉதவிக் குழுப் பெண்கள் பயிற்சியும் ஊக்கத்தொகையும் பெற்று வீடுவீடாகச் சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளைப் பார்க்கின்றனர். அதே வகையில் ஒவ்வொரு முகாமிலிருந்தும் பெண்களைத் தேர்ந்து, மனநலக் குழு நடத்தப் பயிற்சி அளித்து, மாதச் சம்பளம் தரலாம். தன்னார்வம் என்ற பெயரில் ஏழைப் பெண்களின் உழைப்பை இலவசமாக வாங்கும் வழக்கம் இங்கேயும் தொடரலாகாது. தேர்வில் மலையக வம்சாவளிப் பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் வழிநடத்துவோராக இடம்பெற வேண்டும். பங்கேற்பாளராக மட்டும் நிறுத்தப்படலாகாது. மாவட்ட மனநலக் குழுவின் உளவியலாளர் பதினைந்து நாளுக்கொருமுறை அவர்களோடு அமர்ந்து, கடினமான நிலைமைகளைக் கேட்டு வழிகாட்ட வேண்டும். தற்கொலை எண்ணம், கடும் மனநோய், வீட்டு வன்முறை ஆகியவற்றைக் குழுவே சுமக்கக் கூடாது. அவற்றை மருத்துவரிடமும் சட்ட உதவியிடமும் அதே நாளில் கொண்டுசேர்க்கும் வாகனமும் தொலைபேசி எண்ணும் வேண்டும். பிறர் துயரை நாள்தோறும் கேட்கும் பெண்ணின் மனத்தைக் கேட்க ஒருவர் வேண்டும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆண்களைப் பற்றி நாம் குறைவாகவே எழுதியிருக்கிறோம். பகல்நேரக் கூட்டத்துக்கு வெளியூர்களில் பெயிண்ட் அடிக்கப் போகும் ஆண் வரமாட்டான். அவனுக்கு ஞாயிறு மாலை, கைப்பந்துத் திடல், வேலைக்குப் போகும் வண்டி என வேறு இடங்களைத் தேட வேண்டியிருக்கும்.

இத்தளத்தை வாசிப்போரில் சமூகப்பணித் துறை மாணவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதை அறிவோம். ஒவ்வோர் ஆண்டும் ஆய்வேட்டுக்காக முகாமுக்குச் சென்று, மனச்சோர்வை அளக்கும் வினாத்தாளை நிரப்பி எடுத்துக்கொண்டு திரும்புகிறீர்கள். 'கடந்த இரண்டு வாரங்களில் வாழ்க்கை வீண் என்று தோன்றியதா' என்ற கேள்விக்கு ஆம் என்று பதிலளித்தவரின் வீட்டுக்கு மறுவாரம் யார் போனார்கள்? அடுத்த முறை வினாத்தாளோடு ஒரு கேள்வியை உங்கள் துறைத் தலைவரிடமும் கொண்டுசெல்லுங்கள்: இம்முகாமில் ஈராண்டுக்குத் தொடர்ந்து ஒரு குழு நடக்க நம் கல்லூரி பொறுப்பேற்குமா, வழிநடத்தும் முகாம் பெண்ணுக்குக் களப்பயிற்சியாளர் என்ற தகுதியும் ஊதியமும் தருமா? ஜூன் மாதத்தில் களப்பணி இடங்களை ஒதுக்கும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும்.